எங்கள் கால்பந்து கிளப்பில் ஏதோ சரியில்லை, யாரிடம் சொல்வது?

சிறுவர் கால்பந்து கிளப் ஒன்றின் செயலாளராக இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகன் அந்த கிளப்பில் ஆடுகிறான். எட்டு வயது முதல் பதினாறு வயது வரை ஆண், பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். கிளப்பைத் தொடங்கியவர்தான் தலைவர்; தலைமைப் பயிற்சியாளரும் அவரே. கட்டணப் பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. கிளப் எங்கும் பதிவு செய்யப்படவில்லை. கமிட்டி என்று ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆனால் கூடிப் பேசுவது மைதானத்து ஓரத்தில் நின்றபடிதான். ஒரு நாள் காற்றில் நகர்த்தக்கூடிய கோல் போஸ்ட் ஒன்று சாய்ந்து விழுந்தது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. இன்னொரு நாள் ஒரு பையன் இன்னொருவனோடு தலை மோதிக் கீழே விழுந்தான். தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மறுபடி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தானாம்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் அவர் எழுத வந்த விஷயம் இருக்கிறது. பதின்மூன்று வயது ஆட்டக்காரி ஒருத்தியின் தாய் தன் மகளின் போனை இவரிடம் காட்டியிருக்கிறார். இரவு பதினொரு மணிக்குப் பயிற்சியாளரிடமிருந்து வந்த செய்திகள். பாராட்டு, விசாரிப்பு, புது பூட்ஸ் வாங்கித் தருவதாக ஒரு வாக்கு. ஒன்றில், “இதை வீட்டில் சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும்” என்று இருக்கிறது. “பெரிதுபடுத்தாதீங்க, பிள்ளையின் ஆட்டம் கெட்டுவிடும்” என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டாராம்.

வாசகியின் கேள்விகள் இவை: ஆதாரம் இல்லாமல் ஒரு நல்ல மனிதர்மேல் சந்தேகப்படலாமா? சொன்னால் அவதூறு வழக்கு வருமா? முதலில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டுமா? பதிவே செய்யாத கிளப், சம்பளம் இல்லாத கமிட்டி, பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் எல்லாம் இருக்கும்போது எங்களுக்குச் சட்டப் பொறுப்பு ஏதும் உண்டா? பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா?

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கடைசிப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். இது இன்றைக்கோ நாளைக்கோ நடக்க வேண்டிய காரியம்.

அந்தச் செய்திகள்

“ஆதாரம் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம் தேடுவது உங்கள் வேலையே இல்லை. குழந்தைப் பாதுகாப்பில் புகார் தெரிவிக்கத் தேவைப்படுவது நியாயமான கவலை மட்டுமே. அது உண்மையா, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணி, தனிப்பட்ட செய்தி, பரிசு, வீட்டில் சொல்லாதே என்ற வேண்டுகோள். இதில் முதல் மூன்றுக்கும் அப்பாவித்தனமான விளக்கம் இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் ஒரு பெரியவர் ரகசியம் காக்கச் சொல்வதற்கு அப்படி ஒரு விளக்கம் கண்டுபிடிப்பது கடினம். குழந்தையை மெல்ல மெல்ல வசப்படுத்துகிறவர்கள் வழக்கமாகச் செய்வதும் இதைத்தான்: தனிக் கவனம், சின்னச் சின்னப் பரிசு, அப்புறம் ரகசியம்.

அவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாததால்தான் தெரிந்துகொள்ளக்கூடியவர்களிடம் போக வேண்டும்.

“எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியவர்” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரை மதிப்பது புரிகிறது. ஆனால் வேறு இடத்தில் நடந்ததையும் பாருங்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் 1970 முதல் 2005 வரை நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றி அந்நாட்டுக் கால்பந்து சங்கம் நியமித்த தனி விசாரணையின் அறிக்கை 2021 மார்ச்சில் வெளியானது. 2016 நவம்பரில் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் ஆட்டக்காரர் சிறுவயதில் தனக்கு நேர்ந்ததை வெளியே சொன்ன பிறகுதான் மற்றவர்களும் பேச முன்வந்தார்கள். அவருக்குக் கொடுமை செய்த பேரி பென்னல், இளம் திறமைகளைக் கண்டெடுப்பதில் பெயர் பெற்ற பயிற்சியாளர்; பெற்றோர் நம்பிப் பிள்ளைகளை அவர் வீட்டில் தங்கவே அனுப்பினார்கள். ஒருவர் ஊருக்குச் செய்த நல்லது உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச நினைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தவறு நடந்திருந்தால் செய்திகளை அழிக்கவும், அந்தப் பெண்ணைப் பயமுறுத்தி வாயடைக்கவும் அவருக்கு நேரம் கிடைத்துவிடும். தவறு நடக்கவில்லை என்றாலும், முறையான விசாரணையில் பெயர் தெளிவாகும் வாய்ப்பு அவருக்குப் போய்விடும். வதந்தி மட்டும் மிச்சமிருக்கும். உங்கள் நாட்டின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பையோ காவல் துறையையோ முதலில் தொடர்புகொள்ளுங்கள். அவரைப் பயிற்சியிலிருந்து எப்போது விலக்குவது, என்ன சொல்லி விலக்குவது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். அதுவரை எந்தப் பிள்ளையும் அவரோடு தனியாக இருக்கும்படி விடாதீர்கள். “இனிமேல் எல்லாப் பயிற்சியிலும் இரண்டு பெரியவர்கள்” என்று எல்லாருக்கும் பொதுவான விதியாக அறிவித்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்தப் பெண்ணை நீங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். அவளாக ஏதாவது சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். “சொன்னது நல்லது, இது உன் தப்பில்லை” என்று சொல்லுங்கள். “அவர் இப்படிச் செய்தாரா, அப்படிச் செய்தாரா” என்று நீங்கள் எடுத்துக் கொடுத்துக் கேட்டால், பிறகு அவளுடைய வாக்குமூலமே பலவீனப்படலாம். அவள் சொன்னதை அவளுடைய சொற்களிலேயே, தேதி, நேரம் போட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள். தாய் காட்டிய செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதில் ஆபாசமான படம் ஏதும் இருந்தால் அதை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். குழந்தையின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். போனை அப்படியே அதிகாரிகளிடம் காட்டுவதுதான் சரி.

தாயிடம் என்ன சொல்வது என்று தவித்திருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால், அதைக் காப்பாற்ற முடியாது என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். தெரிய வேண்டியவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்று உறுதி கொடுங்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியும். அந்தப் பெண்ணின் ஆட்டம் கெடக்கூடாது என்பது தாயின் பயம். அது நியாயமானது. அதனால்தான் அவளை அணியிலிருந்து ஓய்வெடுக்கச் சொல்வது போன்ற யோசனை எதுவும் கமிட்டியிலிருந்து வரக்கூடாது. விலகி நிற்க வேண்டியவர் அவள் இல்லை.

அவதூறு பயம்

இந்தப் பயத்தால்தான் பல கிளப்புகள் வாய் திறக்காமல் இருந்துவிடுகின்றன. பெரும்பாலான நாடுகளின் சட்டம், உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு தெரிவிக்கும் கவலைக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. பின்னால் அது தவறு என்று தெரிந்தாலும்கூட. பல நாடுகளில் குழந்தைகளோடு பணிபுரிகிறவர்கள் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். அதில் தன்னார்வலர்களும் அடங்குவார்களா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைப் புகார் சொல்லப்போகும் இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வழக்குக்கு இடம் கொடுப்பது வேறு விஷயம்: பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு எழுதுவது, மைதானத்து ஓரத்தில் கூடிப் பேசுவது, மற்ற கிளப்புக்கு “ஜாக்கிரதை” என்று போன் போடுவது. கமிட்டியில் ஐந்து பேருக்கும் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அதில் ஒருவர் தலைவரின் மைத்துனர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இப்போது சொல்ல வேண்டாம்.

கோல் போஸ்ட், தலையடி

இவை இரண்டையும் “சின்ன விஷயங்கள்” என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சரியாகப் பிணைக்காத கோல் போஸ்ட் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளை குறுக்குக் கம்பியில் தொங்கியபோது, அல்லது போஸ்ட்டை நகர்த்திக்கொண்டிருந்தபோது. கால்பந்தின் முதல் விதியே, நகர்த்தக்கூடியவை உட்பட எல்லா கோல்களும் தரையில் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. முழு அளவு கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். எடையெல்லாம் முன்பக்கம் இருப்பதால் ஒரு சிறுவனின் எடை போதும், அது முன்னால் சாய. பின்பக்கத் தரைக்கம்பியைத் தரையில் அடிக்கும் ஆணிகளால் பிணையுங்கள். தரை கடினமாக இருந்தால் அதற்கென்றே உள்ள எடைகளை வையுங்கள். பயிற்சி முடிந்ததும் முகம் கீழாகப் படுக்க வைத்தோ, ஒன்றோடொன்று சேர்த்துச் சங்கிலி போட்டோ வைக்க வேண்டும். நகர்த்துவது பெரியவர்கள் வேலை. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஒருவர் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இதற்குக் கமிட்டித் தீர்மானம் வேண்டாம், அடுத்த பயிற்சியிலிருந்தே தொடங்கலாம்.

தலையடி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உங்கள் கடிதத்திலும் தெரிகிறது: “மயக்கம் போடவில்லை, அதனால் பெரிய அடி இல்லை என்று நினைத்தோம்.” தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதை மூளை அதிர்ச்சி என்கிறார்கள். அது ஏற்படுகிற பெரும்பாலானவர்கள் மயக்கம் அடைவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், பார்வை மங்கல், தள்ளாட்டம், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்வது, காரணமில்லாத அழுகை, “என்னமோ மாதிரி இருக்கு” என்ற ஒரு வார்த்தை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. “இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் போட்டது?” என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் தவறினால் சந்தேகம் உறுதி. ஆனால் சரியாகச் சொன்னான் என்பதற்காக மறுபடி உள்ளே அனுப்பக்கூடாது. முதல் அடி ஆறும் முன்னே இரண்டாவது அடி பட்டால், வளரும் மூளைக்கு அது உயிரையே எடுக்கும் ஆபத்து. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்து வலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் மரத்துப்போவது எதுவாக இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். அந்தப் பையனை இதுவரை மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை அவன் பந்தைத் தொட வேண்டாம்.

தலையால் பந்தை முட்டும் பயிற்சியையும் பாருங்கள். அமெரிக்காவின் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டக்கூடாது என்று அறிவித்தது. 2020இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அதை நிறுத்தச் சொன்னன. உங்கள் எட்டு வயது அணிக்கு இது தேவையே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடி சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி உறுதியான கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் ஷின் கார்டு கட்டாயம். நகை எதுவும் கூடாது. யாராவது திடீரென்று விழுந்து மூச்சில்லாமல் போனால் யார் மார்பை அழுத்துவது, யார் போன் செய்வது, மைதானத்து வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது யார் என்று முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். இதயம் நின்றுபோனால் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. வண்டி வரும் பெரிய கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். பல மைதானங்களில் அந்தச் சாவி மைதானத்தில் இல்லாத ஒருவரிடம்தான் இருக்கும்.

படிவமும் பொறுப்பும்

சரி, சட்டத்துக்கு வருவோம். பதிவு செய்யாத கிளப்புக்கு எதிராக யாரும் வழக்குப் போட முடியாது என்று நினைக்கிறீர்கள். நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. பதிவு செய்யாத அமைப்பைச் சட்டம், உறுப்பினர்களிடமிருந்து வேறான ஒரு தனி ஆளாகப் பார்ப்பதில்லை. அதனால் பொறுப்பு காற்றில் மறைந்துவிடாது; முடிவெடுத்த தனிமனிதர்கள் தலையில் விழும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், ஆபத்து தெரிந்தும் பேசாமல் இருந்த கமிட்டி உறுப்பினர் என்று. சங்கமாகவோ வேறு சட்ட வடிவிலோ பதிவு செய்வதன் முக்கியப் பயன், உங்கள் சொந்தச் சொத்துக்கும் கிளப்பின் கடனுக்கும் நடுவே ஒரு சுவர் எழுவது. நீங்களே செய்த அலட்சியத்துக்கு அந்தச் சுவரும் முழுப் பாதுகாப்பு ஆகாது. அதற்குத்தான் காப்பீடு.

சம்பளம் வாங்காததால் கவனக் கடமை இல்லாமல் போவதில்லை. சில நாடுகளில் தன்னார்வலர்களுக்கு ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் பெரும் அலட்சியத்தை அது மூடாது. பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஆபத்திலிருந்து அவர்களைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. ஒருமுறை சாய்ந்த கோல் போஸ்ட் இனி எதிர்பார்க்கக்கூடிய ஆபத்துதான்.

“எது நடந்தாலும் கிளப் பொறுப்பல்ல” என்று பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறீர்கள். விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்தைப் பெற்றோர் தெரிந்துகொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி. கிளப்பின் அலட்சியத்துக்குக் குழந்தையின் சார்பில் பெற்றோர் முன்கூட்டியே மன்னிப்பு எழுதிக் கொடுப்பதைப் பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அந்தப் படிவத்தில் உண்மையில் இருக்க வேண்டியவை இல்லை: ஒவ்வாமை, ஆஸ்துமா, எடுத்துக்கொள்ளும் மருந்து, அவசரத்துக்கு இரண்டு போன் எண்கள், மருத்துவ உதவிக்குச் சம்மதம், புகைப்படம் எடுக்கச் சம்மதம் உண்டா இல்லையா. அதை மாற்றி எழுதுங்கள்.

கிளப்பைச் சரிசெய்வது

இத்தனை பிரச்சினைக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் கிளப்பில் ஒருவரைப் பற்றி ஒரு கவலை வந்தால், அதைச் சொல்ல வேண்டிய இடமும் அவரேதான். தலைவர், பயிற்சியாளர், பணம் வைத்திருப்பவர், புகார் கேட்பவர் எல்லாம் ஒருவர். அவர் தங்கமான மனிதராகவே இருந்தாலும் இந்த அமைப்பு தவறு. “நாங்கள் குடும்பம் மாதிரி, விதி எதற்கு” என்று கமிட்டியில் சொன்னார்களாம். யாரையும் சந்தேகப்படாமலேயே ஒரு விதியை எல்லார்மேலும் ஒரே மாதிரி வைக்க முடிவதுதான் விதியின் நன்மை.

மூன்று மாற்றங்களை முதலில் கேளுங்கள். ஒன்று, கிளப் பெயரில் வங்கிக் கணக்கு. பணம் எடுக்க உறவினர் அல்லாத இருவரின் கையெழுத்து. இரண்டு, குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர். அவர் பயிற்சியாளராகவோ அவருடைய உறவினராகவோ இருக்கக்கூடாது. அவர் பெயரும், கிளப்புக்கு வெளியே புகார் சொல்லும் எண்ணும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மூன்று, எழுதப்பட்ட நடத்தை விதி: பிள்ளைக்குத் தனிச் செய்தி கிடையாது, பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடாது, உடை மாற்றும் அறையில் போன் கூடாது, புதிதாக வரும் எவருக்கும், தலைவருக்கும்கூட, பின்னணிச் சரிபார்ப்பு.

இவற்றை நீங்கள் வெறுங்கையோடு எழுத வேண்டியதில்லை. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 2019இல் வெளியிட்ட ‘ஃபிஃபா கார்டியன்ஸ்’ வழிகாட்டித் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அது தேசியச் சங்கங்களுக்காக எழுதப்பட்டது. ஆனால் அதன் நடத்தை விதி மாதிரிகளைச் சின்ன கிளப்பும் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென 2014இல் வந்த சர்வதேச நெறிகள் எட்டு அம்சங்களாக இருக்கின்றன. உங்களிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க அது போதும். காயம் தடுக்க ‘ஃபிஃபா 11+’ என்ற இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சியும் உண்டு. வாரம் இரண்டு முறை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்திருக்கின்றன. உங்கள் வட்டாரக் கால்பந்துச் சங்கத்தில் இணைந்தால் காப்பீடும் பயிற்சியும் சேர்ந்து கிடைக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு மேலே புகார் கேட்கும் ஓர் இடமும் கிடைக்கும். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பிள்ளைகளையும் கேளுங்கள். தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. எந்தப் பயிற்சி பயமாக இருக்கிறது, எந்த இடத்தில் கூச்சமாக இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ராஜினாமா

இப்போது வேண்டாம். நீங்கள் விலகினால் அந்தச் செய்திகளைப் பார்த்த ஒரே நிர்வாகி வெளியே போய்விடுவார். நீங்கள் பதவியில் இருந்தபோது தெரிந்துகொண்டதற்கான பொறுப்பும் ராஜினாமாவால் தீராது. முதலில் புகாரைக் கொடுத்து, கொடுத்த தேதியையும் பேசிய அதிகாரியின் பெயரையும் குறித்து வையுங்கள். அப்புறம் கமிட்டியைக் கூட்டி, மினிட்ஸ் நோட்டு ஒன்று போட்டு, கோல் போஸ்ட், தலையடி, வங்கிக் கணக்கு மூன்றையும் அதில் ஏற்றுங்கள். செய்திகள் விஷயம் அந்த நோட்டில் வரக்கூடாது. அதற்குத் தனிக் கோப்பு, பூட்டிய இடம். மாற்றங்களுக்கு ஒரு கெடு கேளுங்கள். கெடு முடிந்தும் மறுத்தால், காரணங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு விலகுங்கள். அதன் நகல் ஒன்று வட்டாரச் சங்கத்துக்கும் போகட்டும்.

உங்கள் மகனை அந்த கிளப்பில் தொடர்ந்து ஆட விடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதி அடித்திருந்தீர்கள். அதிகாரிகள் பதில் சொல்லும்வரை, நீங்களோ அவன் அப்பாவோ மைதானத்தில் இருக்கும் நாட்களில் மட்டும் அனுப்புங்கள். இரவில் அவனுக்கும் யாராவது செய்தி அனுப்புகிறார்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.